செய்முறை தெரியாத மருந்து

கி.மு. 139இல் ஹான் பேரரசர் வூவின் அரசவைக்கு ஹுவாய்நான்சி என்றொரு தொகுப்பு நூல் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் லியூ ஆன், பேரரசருக்குச் சித்தப்பா முறை. ஆட்சி, வானியல், ஒழுக்கம் என்று எல்லாம் பேசும் அந்த நூலின் ஆறாம் இயல் முடிகிற இடத்தில், போகிறபோக்கில் ஓர் உவமை வருகிறது. யி என்ற வில்லாளி மேற்கின் அரசித்தாய் சீவாங்மூவிடம் சாகா மருந்து கேட்டு வாங்கினான். ஹெங்-அ என்ற பெண் (பின்னாளில் சாங்-அ) அதைத் திருடிக்கொண்டு நிலாவுக்கு ஓடிவிட்டாள். இழந்ததை ஈடுசெய்ய வழியில்லாமல் அவன் மனமொடிந்து நின்றான். கதை அவ்வளவுதான். அவள் அழகியா, எதற்காகத் திருடினாள், அவனுக்கு என்ன உறவு என்று ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் அதற்கு அடுத்த வரி இருக்கிறது. சீனரின் நிலா விழா பற்றிய கட்டுரைகளில் அதை யாரும் எடுத்துப் போடுவதில்லை. அவன் ஏன் ஒடிந்துபோனான்? அந்த மருந்து எதிலிருந்து உண்டாகிறது என்பது அவனுக்குத் தெரியாது. ஆகவே நெருப்பை இரவல் கேட்பதைவிடத் தீ உண்டாக்கும் கருவியைக் கைக்கொள்வது மேல், அடுத்தவன் கிணற்றில் இறைப்பதைவிடச் சொந்தக் கிணறு வெட்டுவது மேல் என்று இயல் முடிகிறது. சீனத்தின் நிலாப்பெண், கையில் மருந்து இருந்தும் செய்முறை இல்லாதவனின் கதையில்தான் நமக்குக் கிடைக்கிறாள்.

இந்தக் குறிப்புக்கும் முந்தைய தடயம் ஒன்று 1993இல் கிடைத்தது. ஹூபே மாநிலம் ஜிங்ஜோ அருகே வாங்ஜியாதாய் என்ற இடத்தில் திறந்த, ஹானுக்கு முந்தைய சின் காலக் கல்லறையில் மூங்கில் பட்டிகள் இருந்தன. குறிசொல்லும் நூலொன்றின் சிதைந்த பகுதிகள் அவை. அதிலும் அவள் சாகா மருந்தைத் திருடுகிறாள்.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல். பழைய நூல்களில் அவள் ஹெங்-அ. ஹான் பேரரசர் வென்னின் இயற்பெயர் லியூ ஹெங். ஆளும் குலத்துப் பேரரசரின் பெயரை எழுதக்கூடாது என்பது விதி. ‘ஹெங்’ என்றால் ‘என்றும் நிலைத்த’ என்று பொருள்; அதே பொருள்தரும் ‘சாங்’ என்ற எழுத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். பின்னால் பெண் என்பதைக் குறிக்கும் துணையெழுத்தும் சேர்ந்துகொள்ள, ஹெங்-அ சாங்-அ ஆனாள். தமிழ் நாளிதழ்கள் சீன விண்கலச் செய்தியில் எழுதும் ‘சாங்இ’ இவள்தான். கடைசி ஒலி ‘இ’ இல்லை. ‘அ’வுக்குப் பக்கத்தில், தொண்டையில் இருந்து வருவது.

அவள் யியின் மனைவி என்று எழுதிவைத்தவர் உரையாசிரியர் காவ் யூ. ஹுவாய்நான்சி வந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கி.பி. 200ஐ ஒட்டி. அதற்கு முன்பே வானியலாளர் ஜாங் ஹெங் (கி.பி. 78–139) இன்னொரு வடிவத்தைச் சொல்லியிருந்தார். ஓடுவதற்கு முன் சாங்-அ ஒரு குறிகாரரிடம் போய்க் கேட்கிறாள். ‘போ, தனியாக மேற்கே போ, பயப்படாதே, நல்லதே நடக்கும்’ என்று குறி விழுகிறது. போனாள், நிலாவில் தங்கினாள், தேரையாக மாறினாள். நல்ல குறி!

தேரை நிலாவில் முன்பே இருந்தது. 1972இல் சாங்ஷா நகரில் மாவாங்துய் முதல் கல்லறையைத் தோண்டியபோது, ‘தாய்’ என்ற சிற்றரசின் சீமாட்டியுடைய சவப்பெட்டிமேல் T வடிவப் பட்டுத்திரை விரித்திருந்தது. நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். மேல்பகுதியில் ஒரு பக்கம் காகத்தோடு சூரியன், மறுபக்கம் பிறைநிலா. பிறைமேல் பெரிய தேரை, ஒரு முயல். பிறைக்குக் கீழே ஒரு பெண் பறக்கிறாள். அவளை சாங்-அ என்பவர்களும் உண்டு, கல்லறைச் சீமாட்டியின் உயிர் என்பவர்களும் உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் திரை அது, பெயர் எதுவும் எழுதியில்லை.

திருட்டுக்குக் காரணம் சொல்வதுதான் அதற்குப் பிந்தைய ஈராயிரம் ஆண்டு வேலை. இன்று குழந்தைகள் புத்தகங்களிலும் விழாப் பலகாரப் பெட்டி அட்டைகளிலும் வரும் வடிவம் இது: யி பத்துச் சூரியன்களில் ஒன்பதை எய்து வீழ்த்திய வீரன், அவன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து ஃபெங் மெங் என்ற சீடன் மருந்தைப் பறிக்க வருகிறான், கயவன் கையில் போகக்கூடாதென்று சாங்-அ தானே விழுங்கி மேலெழுகிறாள், யி முற்றத்தில் மேசைபோட்டு அவளுக்குப் பிடித்த பழங்களைப் படைக்கிறான். இதில் ஃபெங் மெங் இரவல் பாத்திரம். சீன மெய்யியலாளர் மென்சியஸின் நூலில் அவன் யியிடம் வில் கற்று, உலகில் தனக்கு மேலே யி ஒருவன்தான் என்று நினைத்து அவனைக் கொல்பவன். நிலாவோடு அங்கே தொடர்பே இல்லை. பின்னால் வந்தவர்கள் அவனைத் தூக்கிவந்து இங்கே வில்லனாக நட்டிருக்கிறார்கள். திருடியை உத்தமியாக்க அது தேவைப்பட்டது. என் கணக்கில் இது கதையைக் கெடுத்த திருத்தம். தியாகிக்கு வருத்தம் இருக்கலாம், குற்றவுணர்வு இருக்காது. தாங் காலக் கவிஞர் லி ஷாங்யின் (கி.பி. 9ஆம் நூற்றாண்டு), மருந்தைத் திருடியதற்காக அவள் இப்போது வருந்துவாள், நீலக்கடலும் நீலவானமும் பார்த்து இரவுக்கு இரவு அதே மனம் என்று எழுதியதற்கு உயிர் அந்தத் திருட்டில்தான் இருக்கிறது.

நிலாவில் அவளுக்குத் துணை இரண்டு பேர். தாங் காலத் தொகுப்பாளர் துவான் செங்ஷி தரும் குறிப்பில் ஒரு மரம், ஐந்நூறு ஜாங் உயரம். தாங் அளவில் ஒரு ஜாங் சுமார் 3 மீட்டர். வூ காங் என்பவன் அதை ஓயாமல் வெட்டுகிறான். சித்தராகப் பயிலும்போது செய்த தவறுக்குத் தண்டனை. கோடாரி எடுத்ததும் வெட்டு மூடிக்கொள்ளும். இந்த மரத்தின் பெயர் ‘குய்’. அகராதியில் பார்த்தால் இலவங்கப்பட்டை இனம் என்று வரும், மொழிபெயர்ப்பாளர்கள் பலர் வழுக்குவது இங்கேதான். அதே சொல் ஓஸ்மாந்தஸ் மரத்துக்கும் உண்டு. அரிசிக்குருணை அளவில் கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ, ஆப்ரிகாட் பழ மணம், சீன மாதம் எட்டில் பூக்கும். அந்த மாதத்துக்கே குய் மாதம் என்று பெயர். நிலா விழாவுக்குப் பொருந்துவது இந்த மரம்தான். அரசுத் தேர்வில் வென்றவரை ‘தேரை அரண்மனையில் குய் கிளை ஒடித்தவர்’ என்பார்கள். தேரை அரண்மனை என்றால் நிலா.

இன்னொரு துணை, உரலில் மருந்து இடிக்கும் பச்சைமணி (ஜேட்) முயல், யூது. நம் புலவர்கள் முயற்கறை என்று சொன்ன அதே கறை. உதிக்கிற முழுநிலாவைக் கிழக்கில் பாருங்கள். அப்போதுதான் முயல் நிமிர்ந்து நிற்கும். மேலே நீட்டிய இரண்டு கருமை காதுகள் (‘கடல்’ என்று பெயர்பெற்ற கரும்பரப்புகளில் வளமைக் கடல், அமுதக் கடல்), அதன் கீழ் தலை (அமைதிக் கடல்), உடம்பு கீழ் இடப்பக்கம் மழைக் கடல்வரை இறங்கும், உரல் கீழ் வலப்பக்கம். விடியலில் மேற்கே இறங்கும்போது முயல் தலைகீழாகிவிடும். ‘எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் நள்ளிரவில் உச்சியில் பார்க்கிறார்கள்.

விழாவின் நாள் சீன நாள்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்து. 2023இல் செப்டம்பர் 29, 2024இல் செப்டம்பர் 17, 2025இல் அக்டோபர் 6. 2025இல் அவ்வளவு தள்ளிப்போனது ஆறாம் மாதம் இரண்டுமுறை வந்த மிகைமாத ஆண்டு என்பதால். பதினைந்தாம் நாள் என்பதால் அன்றே பௌர்ணமி என்று நினைத்துவிடக் கூடாது. பெய்ஜிங் நேரப்படி அமாவாசை நிகழும் நாள்தான் மாதத்தின் முதல் நாள், காலை நிகழ்ந்தாலும் இரவு நிகழ்ந்தாலும். நிலாவின் பாதை நீள்வட்டம் என்பதால் அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு ஆகும் காலம் பதினான்கு நாளுக்குச் சற்றுக் குறைவிலிருந்து பதினைந்தரை நாள்வரை மாறும். இரண்டும் சேர்ந்து முழுநிலாவைப் பதினான்காம் நாளிலிருந்து பதினேழாம் நாள்வரை எங்கேயும் தள்ளலாம். ‘பதினைந்தின் நிலா பதினாறில் உருண்டை’ என்ற சீனச் சொலவடை சும்மா பிறக்கவில்லை. 2025இல் நிலா முழுமையடைந்தது மறுநாள், அதுவும் பெய்ஜிங்கின் பட்டப்பகலில்.

அன்றிரவு கும்பிடுவது சாங்-அவையா? நேராக ஆம் என்று சொல்ல முடியாது. அரசு வழிபாடு தனி: பெய்ஜிங்கில் 1530இல் எழுப்பிய நிலா பீடத்தில் பேரரசர்கள் கும்பிட்டது ‘இரவொளி’ தெய்வத்தை, அதுவும் இலையுதிர்காலச் சமநாளில், பதினைந்தாம் நாளில் அல்ல. வீட்டு வழிபாடு எப்படியிருந்தது என்பதை 1635இல் வந்த பெய்ஜிங் வருணனை நூல் ஒன்று சொல்கிறது. பழமும் பலகாரமும் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். தர்ப்பூசணியைப் பல்பல்லாக வெட்டித் தாமரை இதழ்போல விரிக்க வேண்டும். கடையில் நிலவொளித்தாள் வாங்கி, நிலா எழும் திசைநோக்கி மாட்டி வணங்கிவிட்டு எரிக்க வேண்டும். தாளில் தாமரைமேல் உட்கார்ந்திருப்பவர் நிலவொளி போதிசத்துவர். கீழே நிலா வட்டத்தில் குய் அரண்மனை, முயல் மனிதன்போல நின்று மருந்து இடிக்கிறது. சாங்-அவை நூல் குறிப்பிடவில்லை. ‘ஆண் நிலாவைக் கும்பிடான், பெண் அடுப்புத் தெய்வத்தைக் கும்பிடாள்’ என்ற வழக்கும் இருந்ததால் மேசை முன்னால் நின்றது வீட்டுப் பெண்கள். தெய்வத்தின் பெயர் எதுவானாலும், வானத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தவர்களும் அவர்களே.

படையல் மேசையில் இன்றும் பம்ப்ளிமாஸ், மாதுளை, சேம்பு, மூன்கேக் (உள்ளீடு வைத்துச் சுடும் விழாப் பலகாரம்) இருக்கும். பேரிக்காய் வைப்பதில்லை, அதன் பெயரான ‘லி’க்குப் பிரிவு என்ற சொல்லின் ஒலி. மூன்கேக்கை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கைக்குத் துண்டு போடுவார்கள், ஊரில் இல்லாதவருக்கும் ஒரு துண்டு சேர்த்து.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் வீடுகளுக்கு மூன்கேக் பெட்டி ஆண்டுதோறும் வந்துவிடும், அதனால் ஒரு வார்த்தை. சைவம் சாப்பிடுகிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சூஜோ வகையின் அடுக்கு மாவில் பன்றிக்கொழுப்பு மரபாகவே உண்டு. கான்டன் வகையின் மேல்மாவு கடலை எண்ணெயில் செய்வது, ஆனால் ஐந்து பருப்பு வகையில் பன்றித் தொடைக்கறி கலப்பார்கள். மேலே மினுக்கம் தருவது பெரும்பாலும் முட்டை.

கான்டன் வகையை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மாவில் தொடங்கித் தோற்கிறார்கள். தொடங்க வேண்டியது பாகில், அதுவும் விழாவுக்கு இரண்டு வாரமாவது முன்னால். சர்க்கரை 1 கிலோ, தண்ணீர் 500 மில்லி. கரையும்வரை கிளறலாம், கொதி வந்தபின் கரண்டியை உள்ளே விடக்கூடாது. எலுமிச்சைச் சாறு 60 மில்லி ஊற்றி, மிகச் சிறு தீயில் ஒரு மணிநேரத்தை ஒட்டி விடவும். பாத்திரத்தின் உட்சுவரில் தெறித்து ஒட்டும் சர்க்கரையை ஈரத் தூரிகையால் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே ஒரு மணி படிகமானால் மொத்தப் பாகும் பூத்துவிடும். வெப்பமானியில் 110 பாகை வந்ததும் இறக்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்து மெல்லப் பரவ வேண்டும். சுடச்சுட இருக்கும்போது நீர்த்துப்போனதாகத் தோன்றும், ஏமாந்து மேலும் காய்ச்சினால் ஆறியதும் கல். புளிப்பு சர்க்கரையை உடைத்து இரண்டு எளிய சர்க்கரைகளாக்குகிறது. அவை எளிதில் உறையாது, காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கேக்கின் மேல்தோல் மூன்றாம் நாள் மென்மையாவது இதனால்தான். புதுப்பாகில் செய்தால் தோல் முரட்டுத்தனமாக நிற்கும். அதற்குத்தான் இரண்டு வாரம். பழைய கடைகள் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

உள்ளே வைக்கத் தாமரை விதை 500 கிராம். நடுவிலுள்ள பச்சை முளையை ஒவ்வொன்றிலும் பிடுங்க வேண்டும். நாலைந்து தப்பினாலும் மொத்தமும் கசக்கும். ஊறவைத்து, குழைய வேகவைத்து, அரைத்து, சல்லடையில் தேய்த்தபின் அல்வா கிண்டுகிற வேலை. சர்க்கரை 300 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம் மூன்று தவணையாக, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை. இதில் ஈரம் மிஞ்சினால் அடுப்பில் ஆவியாகி மேல்தோலைப் பிளக்கும்.

மேல்மாவுக்கு மைதா 100 கிராம், பாகு 75, கடலை எண்ணெய் 28, காரத் தண்ணீர் (ஆல்கலி நீர்) 1.5. கடைசியாகச் சொன்னதுதான் நிறத்தின் திறவுகோல். சீனக் கடைகளில் புட்டியில் கிடைக்கும். இல்லாவிட்டால், உணவுத் தரமுள்ள சோடியம் கார்பனேட்டை மூன்று மடங்கு தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். சமையல் சோடா அதற்கு ஈடாகாது. பாகின் புளிப்பை அது முறிப்பதால்தான் அடுப்பில் தோல் சிவக்கிறது. குறைந்தால் வெளிறும், 3 கிராமைத் தொட்டால் கருத்து, சோப்புவாடை வரும். முதலில் பாகும் காரமும், பிறகு எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமாக, பிரியாமல் ஒன்றான பின்பே மைதா. பிசையக்கூடாது, மடித்துச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவுபோல இழுவை வந்துவிட்டால் அச்சில் பதிந்த பூ அடுப்பில் சுருங்கிப்போகும். மூடி இரண்டு மணிநேரம் வைக்கவும்.

50 கிராம் அச்சுக்கு மாவு 15, உள்ளீடு 35. மேற்சொன்ன மேல்மாவுக்குப் பதின்மூன்று உருண்டை வரும். உப்பிட்ட வாத்துமுட்டை மஞ்சள் கரு வைப்பதானால் அதையும் சேர்த்தே அந்த 35. மாவை உள்ளங்கையில் தட்டி, உள்ளீட்டை நடுவில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடைப்பட்ட வளைவால் மெல்ல மேலே ஏற்றுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் அடியில் தடிமன், உச்சியில் ஓட்டை. அச்சுக்கு மைதா தூவித் தட்டிவிட வேண்டும். தூள் தங்கினால் வெள்ளைத் திட்டுகள்.

அச்சிலிருந்து எடுத்ததும் புகைபோலத் தண்ணீர் தெளித்து, 200 பாகையில் 5 நிமிடம். வெளியே எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, அடித்து வடிகட்டிய மஞ்சள் கருவைத் தூரிகையில் தொட்டு, தூரிகையைக் கிண்ண விளிம்பில் வழித்து, பூவேலையின் மேட்டில் மட்டும் படும்படி தடவ வேண்டும். பள்ளத்தில் தேங்கினால் சித்திரம் மூழ்கிவிடும். பாதிப்பேர் கெடுப்பது இங்கேதான். மறுபடி 180 பாகையில் 12 முதல் 15 நிமிடம். இடுப்பு லேசாகப் புடைத்து, தந்த நிறத்துக்கு மாறினால் வெந்துவிட்டது. அடி அகன்று பாவாடைபோல விரிந்தால் பாகு நீர்த்திருக்கிறது அல்லது அடுப்பில் சூடு குறைவு. வந்ததும் தின்ன முடியாது, பிஸ்கட்போலக் கடினமாக இருக்கும். டப்பாவில் மூடி இரண்டு மூன்று நாள் விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் தோலுக்கு ஏறிப் பளபளக்கும். சீனர்கள் இதை ‘எண்ணெய் திரும்புதல்’ என்கிறார்கள்.

மேடைக்கு அவள் வந்தது 1915இல். பெய்ஜிங் ஓபராவில் பெண்வேடம் போட்ட மெய் லான்ஃபாங், வழக்கமான மேடையுடையைத் தள்ளிவிட்டுப் பழைய ஓவியங்களில் உள்ள பெண்களின் கொண்டையும் உயர்ந்த இடுப்புக்கட்டும் பார்த்துப் புது உடை உருவாக்கினார். சாங்-அ என்றதும் இன்று கண்ணில் வரும் வடிவத்தில் பெரும்பங்கு அந்த உடைக்கு உண்டு. பதினோரு ஆண்டு கழித்து லூ சுன் எழுதிய சிறுகதையில் அழகெல்லாம் போய்விட்டது. வில்லாளி பெரிய விலங்குகளையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டதால் வீட்டில் நாள்தோறும் காகக்கறி நூடுல்ஸ், அலுத்துப்போன சாங்-அ மருந்தை விழுங்கிக் கிளம்புகிறாள். ஈராயிரம் ஆண்டுகளில் சொன்ன காரணங்களில் நான் முழுதாக நம்புவது இந்த ஒன்றைத்தான்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலாவில் இறங்கும் நாளன்று, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை காலைச் செய்திகளோடு, சாங்-அவையும் இலவங்கமரத்தடியில் நிற்கும் பெரிய முயலையும் தேடிப்பாருங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னது. மரத்தின் பெயரில் அதே பழைய பிழை.

சீன விண்வெளித் துறை 2007 அக்டோபர் 24இல் சாங்-அ 1ஐ நிலாவைச் சுற்ற அனுப்பியது. 2013 டிசம்பர் 14இல் சாங்-அ 3, மழைக் கடலில், அதாவது முயலின் உடம்பில் இறங்கி, யூது என்ற ஊர்தியை விட்டது. இறங்கிய இடத்துக்கு அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்ற பெயர் குவாங்ஹான் கோங்: பரந்த குளிர் அரண்மனை, கதையில் அவள் வீடு. நிலாவில் ஓர் இரவு நம் இரண்டு வாரம், குளிர் மைனஸ் 180 பாகைவரை போகும், ஊர்தி உறையாமல் இருக்கக் கதிரியக்கச் சூடாக்கி வேண்டும். பெயர் வைத்த பழங்காலத்தவர் வெப்பநிலையில் தவறவில்லை. யூது இரண்டாம் இரவுக்கு முன்பே இயக்கக் கோளாறில் நின்றுவிட்டது. நகராமலே 2016வரை குறிப்புகள் அனுப்பியது. 2019 ஜனவரி 3இல் சாங்-அ 4 நிலாவின் மறுபக்கத்தில் இறங்கியது. அதுவரை எந்தக் கலமும் அங்கே பத்திரமாக இறங்கியதில்லை.

சாங்-அ 5, 2020 டிசம்பரில் 1,731 கிராம் மண்ணோடு திரும்பியது. சாங்-அ 6, 2024 ஜூன் 25இல் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் கொண்டுவந்தது. முதல் மண்ணில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் துகள்களைத் துழாவி, சுமார் 10 மைக்ரான் ஆரமுள்ள ஒரே ஒரு படிகத்தைப் பிரித்தார்கள். நிறமற்ற பாஸ்பேட் கனிமம், மைதாத் துகளைவிடவும் சிறியது. சாங்-அ கல் என்று பெயரிட்டு 2022 செப்டம்பர் 9இல் அறிவித்தார்கள். மறுநாள் எட்டாம் மாதம் பதினைந்து.